பழைய கணினி: மேம்படுத்துவதா, மாற்றுவதா?

பழைய கணினியை மேம்படுத்துதல் என்பது, கணினி முழுவதையும் மாற்றாமல், அதன் வேகத்தைத் தடுக்கும் பாகத்தை மட்டும் மாற்றித் தொடர்ந்து பயன்படுத்துவதாகும். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், செம்பாக்கம், மேடவாக்கம் முதலிய தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் கல்லூரி மாணவர்கள் மிகுதி. பல வீடுகளில் ஒரே கணினிதான் உண்டு. அண்ணன் படித்து முடித்ததும் அது தங்கைக்குப் போகிறது. அந்தக் கணினி மெதுவாகும்போது, குறைந்த பணத்தில் அதைச் சரிசெய்வதா, வேறு வாங்குவதா என்ற கேள்வி எழுகிறது. தவறாக முடிவெடுத்தால் இரண்டு முறை செலவாகும். முடிவெடுக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

புறநகர் வீடுகளில் உள்ள பழைய கணினிகள்

இப்பகுதி வீடுகளில் பெரும்பாலும் மூன்று வகைப் பழைய கணினிகளைக் காணலாம்.

முதல் வகை, தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இத்திட்டத்தில், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனம் வழியாகக் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. தொடக்க ஆண்டுகளில் வந்தவை 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி வன்தட்டும் கொண்டவை. அவற்றில் விண்டோஸ் 7 இயங்குதளத்துடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது.

இரண்டாம் வகை, ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கிக் கோத்த மேசைக்கணினி. மூன்றாம் வகை, நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த பிறகு விற்பனைக்கு வரும் மடிக்கணினி.

இம்மூன்றுக்கும் ஒரே விடை பொருந்தாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே.

முதல் கேள்வி: எந்தப் பாகம் தடுக்கிறது?

"கணினி ஸ்லோ" என்று மட்டும் சொல்லிக் கடையில் கொடுத்தால், எந்தப் பாகத்தை மாற்றுவது என்பதைக் கடைக்காரரே முடிவு செய்வார். வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் கண்டறியலாம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே அதில் தெரியும் அளவுகளைக் கவனிக்க வேண்டும்.

- நினைவகம் 85 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பியிருந்தால், குறை நினைவகத்தில் உள்ளது.
- நினைவகத்தில் இடம் இருந்தும் வட்டின் பயன்பாடு 100 விழுக்காட்டிலேயே நின்றால், குறை வன்தட்டில் உள்ளது.
- இவை இரண்டும் சரியாக இருந்து, பிராசசர் மட்டும் எப்போதும் 100 விழுக்காட்டில் இருந்தால், அந்தக் கணினியின் திறன் அவ்வளவுதான்.

நினைவகம் நிரம்பினால் கணினி வன்தட்டையே நினைவகம் போலப் பயன்படுத்தத் தொடங்கும். அப்போது வட்டும் 100 விழுக்காடு காட்டும். ஆகவே நினைவகத்தின் அளவை முதலில் பார்க்க வேண்டும்.

சில குறைகளுக்குப் பெரிய செலவே தேவைப்படாது. கணினியைத் திறக்கும்போதெல்லாம் தேதி பழைய ஆண்டுக்குப் போய், இணையதளங்கள் திறக்க மறுத்தால், பெரும்பாலும் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். மேசைக்கணினி பீப் ஒலியோடு நின்றுவிட்டால், மின் இணைப்பைத் துண்டித்து, நினைவகப் பட்டையைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்தினாலே பல வேளைகளில் சரியாகும். மின்விசிறியில் தூசி அடைத்துச் சூடேறினால், பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசி நீக்கிப் புதிய தெர்மல் பேஸ்ட் தடவினால் பழைய வேகம் திரும்பும்.

இரண்டாம் கேள்வி: இயங்குதளத்துக்குப் பாதுகாப்பு உண்டா?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனர்களில் பதிவு செய்துகொண்டவர்களுக்குக் கூடுதலாக ஓராண்டுப் பாதுகாப்பு இற்றைகளை மைக்ரோசாப்ட் அறிவித்தது. விண்டோஸ் 7-இன் நிலை இன்னும் மோசம். கூகுள் குரோம் உலாவியே 2023 தொடக்கத்தில் அதைக் கைவிட்டுவிட்டது.

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். இன்டெல் வகையில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதலான பிராசசர்களையே அது ஏற்கிறது. தலைமுறையைப் பெயரிலிருந்தே அறியலாம். ஐ5-6200 என்றால் ஆறாம் தலைமுறை, ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை, ஐ5-10210 என்றால் பத்தாம் தலைமுறை.

பழைய பிராசசர் உள்ள கணினிக்கு லினக்ஸ் ஒரு வழி. லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசம். 4 ஜிபி நினைவகம் இருந்தால் உலாவி, லிப்ரே ஆபீஸ், தமிழ்த் தட்டச்சு, பைத்தான் பயிற்சி ஆகியவற்றுக்குப் போதும். ஆனால் ஆட்டோகேட், டேலி போன்றவை லினக்ஸில் நேரடியாக இயங்குவதில்லை. அவை பாடத்திட்டத்தில் இருந்தால் லினக்ஸ் உதவாது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ லினக்ஸில் இயங்கும். ஆனால் 8 ஜிபி நினைவகமாவது வேண்டும். ஆகவே எந்த மென்பொருள் தேவை என்பதைத் துறை ஆசிரியரிடம் கேட்டறிந்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

செலவு செய்ய வேண்டிய வரிசை

எந்தப் பாகத்துக்குச் செலவிடும் பணம் அடுத்த கணினிக்கும் கூட வரும், எது பழைய கணினியோடு போய்விடும் என்று பார்ப்பதே சிக்கனத்தின் அடிப்படை.

எஸ்எஸ்டி: வன்தட்டில் தட்டு சுழன்று, முள் நகர்ந்து தகவலைத் தேட வேண்டும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. வன்தட்டு உள்ள கணினிக்கு மிகப் பெரிய வேக மாற்றத்தைத் தருவது இதுதான். நாளை அந்தக் கணினி பழுதானாலும், 2.5 அங்குல எஸ்எஸ்டியை ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டு வெளிவட்டாகப் பயன்படுத்தலாம். எனவே இந்தப் பணம் வீணாவதில்லை.

நினைவகம்: டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தா. டிடிஆர்3 வாங்கினால் அது பழைய கணினியோடு நின்றுவிடும். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2025 இறுதியிலிருந்து நினைவகத்தின் விலை உலகெங்கும் கடுமையாக உயர்ந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் பெருமளவில் வாங்கியதே முதன்மைக் காரணம். ஆகவே பழைய விலையை மனத்தில் வைத்துக் கணக்கிடக் கூடாது.

பேட்டரி, விசைப்பலகை, கீல், திரை: இவை அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்தும். இவற்றுக்கான செலவு திரும்பாது.

மதர்போர்டு, பிராசசர்: பழைய மடிக்கணினியில் இவற்றுக்குப் பணம் போடுவது பெரும்பாலும் நட்டமே.

ஒரு மாதிரிக் கணக்கு

புதுப்பிக்கப்பட்ட நல்ல மடிக்கணினி ஒன்று மூன்றாண்டு உழைக்கும் என்று கொண்டால், அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கு ஓராண்டுப் பயன்பாட்டுக்குச் சமம். பழைய கணினியில் செய்யும் திரும்பாத செலவு இந்த அளவைத் தாண்டாமலும், கணினி இன்னும் ஓராண்டாவது ஓடும் என்ற நம்பிக்கை இருந்தாலும் மேம்படுத்தலாம்.

பின்வரும் தொகைகள் விளக்கத்துக்கு மட்டுமே. எஸ்எஸ்டி 2,500 ரூபாய், நினைவகம் 2,000 ரூபாய், பேட்டரி 2,500 ரூபாய் எனக் கொள்வோம். எஸ்எஸ்டி அடுத்த கணினிக்கும் உதவும் என்பதால் திரும்பாத செலவு 4,500 ரூபாய். புதுப்பிக்கப்பட்ட மடிக்கணினியின் விலை 16,000 ரூபாய் என்றால், மூன்றில் ஒரு பங்கு ஏறத்தாழ 5,300 ரூபாய். எனவே மேம்படுத்தலாம். இதோடு கீலும் உடைந்து, அதற்கு 2,000 ரூபாய் ஆகும் என்றால் தொகை 6,500 ஆகிறது. அப்போது மாற்றுவதே சிக்கனம்.

வெள்ளத்தில் நனைந்த கணினி

இப்பகுதிக்கே உரிய சிக்கல் இது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளைச் சூழ்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகள் நீரில் நின்றன. நனைந்த கணினி காய்ந்தபின் ஓடினாலும், நீரில் இருந்த உப்பும் சேறும் மதர்போர்டின் இணைப்புகளை மெல்ல அரிக்கும். சில மாதங்களில் நின்றுவிடக்கூடும். அத்தகைய கணினிக்குப் புதிய பாகம் வாங்கக் கூடாது. மின்சாரம் கொடுக்காமல் வன்தட்டை மட்டும் கழற்றி, தகவல்களை மீட்க முயல வேண்டும்.

புதுப்பிக்கப்பட்டதை வாங்கும்போது

ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு ஆகியவை அண்ணா சாலையை ஒட்டிய கணினிச் சந்தை. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் எழும்பூர் சென்று, அங்கிருந்து பேருந்திலோ ஆட்டோவிலோ போகலாம். தாம்பரம், குரோம்பேட்டைக் கடைகளில் விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், பழுதானால் திரும்பக் கொண்டுபோவது எளிது. ஒரு நாள் அலைச்சலுக்கும் விலை உண்டு.

பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை:

- பிராசசர் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதா?
- பயாஸ் பகுதி கடவுச்சொல் கேட்காமல் திறக்கிறதா? பழைய நிறுவனத்தின் பூட்டு இருந்தால் பின்னர் நீக்குவது கடினம்.
- கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருளில் எஸ்எஸ்டியின் உடல்நிலை நன்றாகக் காட்டுகிறதா?
- மின்னிணைப்பைக் கழற்றியபின் பேட்டரி அரை மணி நேரமாவது தாங்குகிறதா?
- வரிசை எண்ணுடன் ரசீதும், எழுத்தில் உத்தரவாதமும் தருகிறார்களா? ரசீது இல்லாத கணினி திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம்.

பழையதை என்ன செய்வது?

வேறு கணினி வாங்கினால், பழையதிலுள்ள வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொள்வது நல்லது. சான்றிதழ், ஆதார், வங்கி விவரங்கள் அதில் இருக்கும். அழித்த கோப்புகளையும் மீட்க முடியும். மீதியைக் குப்பைத் தொட்டியில் போடாமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் தர வேண்டும். புதிய மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. சதுப்பு நிலத்தை ஒட்டியே பெருங்குடிக் குப்பைக் கிடங்கு அமைந்த இப்பகுதியில், ஈயம் போன்ற உலோகங்கள் நீரில் கலக்காமல் காப்பது அனைவருக்கும் நன்மை.

முடிவுரை

குறையைக் கண்டறியாமல் பாகம் வாங்கக் கூடாது. படிப்புக்குத் தேவையான மென்பொருளைக் கேட்டறியாமல் கணினி வாங்கக் கூடாது. பிராசசர் போதுமானதாக இருந்து, வன்தட்டும் நினைவகமும் மட்டும் தடையாக இருந்தால் மேம்படுத்தலாம். மதர்போர்டு பழுது, வெள்ளச் சேதம், பாடத்துக்குப் போதாத பிராசசர் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் மாற்றுவதே நல்லது. ஐயமிருந்தால் எஸ்எஸ்டி ஒன்றை மட்டும் முதலில் வாங்கிப் பொருத்திப் பார்க்கலாம். கணினி தேறாவிட்டாலும் அந்தச் செலவு வீண்போகாது.