களிமண் சேனை

கோபியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார்: "மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஊரைக் காவல் காக்கும் கோலெம் எங்கிருந்து வந்தது? நம்ம பக்கம் அப்படி ஏதாவது உண்டுங்களா?"

கோலெம் யூதர்களின் கதைகளில் வரும் மண் மனிதன். பிராகு நகரில் வாழ்ந்து 1609இல் மறைந்த ரபி லோவ், தம் மக்களைக் காக்க ஆற்றங்கரைக் களிமண்ணில் ஓர் ஆளைப் பிசைந்து மந்திரத்தால் எழுப்பினாராம். சொன்ன வேலையைச் செய்யும், பேச்சு வராது. அதே பிராகில் 1921இல் மேடையேறிய கரேல் சாபெக்கின் நாடகம்தான் உலகுக்கு 'ரோபோ'வைத் தந்தது.

நம் நாட்டுக் கதையில் ஒரு சேனையே எழுந்து நிற்கிறது. கோதாவரிக் கரையில் பைதான். அங்கே குயவர் வீட்டில் வளர்ந்த சாலிவாகனன் மண்ணில் யானை, குதிரை, வீரர்கள் செய்து விளையாடுவான். விக்கிரமாதித்தன் படையெடுத்து வந்தபோது அந்தப் பொம்மைகளுக்கே உயிர் கொடுத்து வென்றான் என்பார்கள். நம் ஊர்க் குயவர்களிலும் பலர் தங்களைச் சாலிவாகனன் வழியினர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

எனக்குப் பிடித்த வேடிக்கை பஞ்சாங்கத்தில் இருக்கிறது. கலியுகக் கணக்கோடு சாலிவாகன சகாப்தம் என்று ஒன்று போட்டிருக்கும். கி.பி. 78இல் தொடங்கும் கணக்கு. பழைய கல்வெட்டுகளில் வெறும் சக ஆண்டுதான். சாலிவாகனன் பெயர் பல நூற்றாண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தது. ரபி லோவ் பெயரோடு கோலெம் கதை பரவலாக ஒட்டிக்கொண்டதும் 19ஆம் நூற்றாண்டில்தான். நல்ல கதை தனக்கான நாயகனைத் தானே தேடிக்கொள்ளும்போல. 1957 மார்ச் 22 முதல் இந்தச் சகக் கணக்கே இந்திய அரசின் தேசிய நாட்காட்டி. மண் பொம்மை வைத்து விளையாடிய பையனுக்கு அரசிதழ் வரை இடம்!

கொங்கில் மண் உருவத்துக்கு உருவாரம் என்று பேர். உடுமலை பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில், பொங்கலையொட்டிய திருவிழாவில், பண்டம்பாடி நோய்நொடியின்றி இருக்க மாட்டு உருவாரம் வைப்பார்கள். பெரிய உருவங்களை உள்ளே கூடாக வனைந்து, நன்றாக உலர்த்திச் சுடவேண்டும். ஈரம் தங்கினால் சூளையில் ஆவியாகி வெடிக்கும். எங்கள் ஆத்தா அடுப்பில் பச்சை விறகைத் திணித்தால் சீறுமே, அந்தக் கோபம்தான்.

இன்று பல கோயில்களில் மண் குதிரைக்குப் பதிலாகச் சிமென்ட் குதிரைக்குப் பெயின்ட் அடித்து நிறுத்திவிடுகிறோம். ஏரி வண்டல் எடுக்க அலைந்த குயவர்களுக்கு, வட்டாட்சியர் அனுமதியே போதும் என்று 2024இல் தமிழக அரசு சொன்னது நல்ல செய்தி. ஆனால் மண் கிடைத்தால் மட்டும் சூளை எரியாது. வாங்க ஆள் வேண்டும். ஆயிரக்கணக்கில் செல்போனுக்குக் கொடுக்கும் நாம், உருவாரத்துக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிறோம்.

மாணவிக்கு என் பதில்: அடுத்த தையில் சோமவாரப்பட்டிக்குப் போய்வாருங்கள். பேரம் பேசாமல் ஒன்று வாங்குங்கள்.