எந்தத் தோலு, ஆட்டுதா மாட்டுதா?

ஏலகிரி எக்ஸ்பிரஸில் விடியற்காலையில் ஆம்பூரில் ஏறுகிறவர்களைப் பார்த்தால், எதற்குப் போகிறார்கள் என்று முகத்திலேயே தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஒருவர், கோர்ட்டுக்கு ஒருவர், வேலை கேட்டு ஒருவர். சும்மா ஊர் பார்க்கவும் கச்சேரி கேட்கவும் நம் காலனிகளிலிருந்து எத்தனை பேர் சென்னைக்குப் போயிருப்போம்?

மார்கழியில் ஒரு மாணவர் அப்படிப் புறப்பட்டார். பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். தாத்தா தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவர். பெயர் போட வேண்டாம் என்றார். இரண்டு நாளும் நாமும் கூடவே இருந்தோம்.

சனிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கப்பட்டது, வெள்ளிக்கிழமை விடுமுறை. அமராவதியிலிருந்து வந்த பௌத்தச் சிற்பங்களின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றார். பிறகு நாகப்பட்டினத்தில் கிடைத்த வெண்கலப் புத்தர்கள். "சிலோன்லதான் புத்தர் இருக்கார்னு நெனச்சிருந்தேன் சார்" என்றார். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே திருப்பத்தூரிலும் கோலார் தங்கவயலிலும் கிளைகள் இருந்ததைச் சொன்னோம். தங்கவயல் என்றதும் நிமிர்ந்தார். அவருடைய பாட்டியின் அண்ணன் அந்தச் சுரங்கத்தில்தான் வேலை பார்த்தாராம்.

மத்தியானம் மயிலாப்பூரில் ஒரு சபா. பகல் கச்சேரிகளுக்குப் பல இடங்களில் டிக்கெட் கிடையாது; இது தெரியாமலேதான் நம் பிள்ளைகள் பலர் வாசலோடு திரும்புகிறார்கள். இவரும் வாசலில் கொஞ்சம் தயங்கினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். ராகமெல்லாம் அவருக்குப் பிடிபடவில்லை, நமக்கும் பாதிதான். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் முன்னால் சாய்ந்தார். "சார், அது என்ன தோலு?"

மிருதங்கத்தின் கட்டை பலா. தோல் மூன்று வகை: பசு, ஆடு, எருமை. இறுக்கிக் கட்டும் வார் எருமைத் தோல். தோலைத் தேர்ந்து, வெட்டி, மூட்டி, சுதி சேரும்வரை பாடுபடுகிறவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்து அப்படிப்பட்ட ஒருவர். வாசித்தவர் பெயர் உலகுக்குத் தெரியும். இவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா ஒரு புத்தகமே எழுதினார். 2020-இல் அதன் வெளியீட்டுக்கு முதலில் இடம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா வேறு இடத்தில் நடந்தது. புத்தகம் தமிழிலும் வந்திருக்கிறது. கல்லூரி நூலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் பேசவில்லை. தாத்தா பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்திக்கொள்வாராம். அதை அன்றைக்குத்தான் சொன்னார்.

இதே மார்கழியில் பறையும் கானாவும் ஒப்பாரியும் மேடையேறும் 'மார்கழியில் மக்களிசை'யை நீலம் பண்பாட்டு மையம் 2020-இல் தொடங்கியது. அதைச் செல்போனில் பார்த்திருக்கிறார். நேரில் பார்க்க வேண்டும் என்பது அடுத்த திட்டம்.

இரவு சைதாப்பேட்டையில் அத்தை வீடு. ஞாயிறு காலை கிண்டி காந்தி மண்டப வளாகம். அங்கே இரட்டைமலை சீனிவாசன் மண்டபமும், 2023 டிசம்பரில் திறந்த அயோத்திதாசர் மணிமண்டபமும் இருக்கின்றன. அவசரமில்லாமல் மர நிழலில் உட்கார்ந்து சுண்டல் தின்றோம். ஆதிதிராவிடர் நல விடுதிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது இங்கே அழைத்து வரலாம். பாசஞ்சர் ரயில் கட்டணம் ஒன்றும் பெரிய தொகையில்லை.

ஞாயிறு இரவு ஆம்பூர் வந்தபோது அம்மா தூங்காமல் காத்திருந்தார். மகன் மிருதங்கத்தைப் பற்றித்தான் முதலில் சொன்னான். சோறு போட்டுக்கொண்டே அவர் கேட்டார்:

"தட்டுற எடத்துல எந்தத் தோலுடா, ஆட்டுதா மாட்டுதா? பதம் எப்படி இருந்துச்சு?"