புது வண்டியில் பழுது: மாற்று வண்டியா, பணமா?

2009 செப்டம்பரில் ஒரு நிறுவனம் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் கார் வாங்கியது. நான்கே நாளில் கோளாறு. நவம்பரில் மறுபடியும் அதே தொல்லை. மோசடிப் புகாரில் தொடங்கிய வழக்கு ஆந்திர உயர் நீதிமன்றம் வரை போனது. குற்ற வழக்கை ரத்து செய்த நீதிமன்றம், புது காரைத் தரும்படி 2012-ல் தயாரிப்பு நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அந்த நிறுவனமும் ஏற்றுக்கொண்டு, பழைய காரை ஒப்படைக்கும்படி கடிதம் எழுதியது. வாங்கிய தரப்போ கார் வேண்டாம், பணமும் வட்டியும் வேண்டும் என்றது. கடைசியில் 50 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் விவகாரத்தை முடித்துவைத்தபோது, 2024 ஜூலை ஆகியிருந்தது.

வண்டி பழுது என்று தெரிந்ததும் எல்லாருக்கும் கோபம் வருகிறது. எதைக் கேட்பது என்ற யோசனை பின்னால்தான் வருகிறது. அதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 39-வது பிரிவு, குறையைச் சரிசெய்வது, குறையில்லாத புதுப் பொருள் தருவது, விலையைத் திருப்பித் தருவது, இழப்பீடு வழங்குவது ஆகியவற்றுக்கு உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. எதைத் தருவது என்பது ஆணையத்தின் முடிவு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நிலைமை வேறு. அங்கே போதிய வாய்ப்புத் தந்தும் கார் சரியாகவில்லை என்றால், மாற்று வண்டியை வாங்கிக்கொள்ளும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பணமே வேண்டும் என்று கேட்பது வாங்கியவரின் உரிமை. முதல் முறை பழுதுக்குக் கொண்டுவரும் வரை ஓடிய தூரத்துக்கு எவ்வளவு கழிக்கலாம் என்பதற்கும் சட்டத்திலேயே கணக்கு இருக்கிறது. நம் ஊரில் அப்படியொரு தனிச்சட்டம் இல்லை. இருந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

சரி, எதைக் கேட்பது? பெயின்ட் கோளாறு, ஒரு கியர்பாக்ஸ் சரியாகப் பொருத்தப்படாதது என்று அந்த ஒரு வண்டியோடு நிற்கும் குறை என்றால் மாற்று வண்டி நல்லது. வழக்கு முடிவதற்குள் விலை ஏறிவிடும்; பழைய விலையை வட்டியோடு வாங்கினாலும் அதே மாடலை வாங்கப் போதாமல் போகலாம். அதே மாடல் வைத்திருக்கும் மற்றவர்களும் அதே இன்ஜின் கோளாறைச் சொல்கிறார்கள் என்றால், தயங்காமல் பணத்தைக் கேளுங்கள். இரண்டாவது வண்டியும் அதே இன்ஜினோடுதான் வரும். மாடலே நிறுத்தப்பட்டுவிடும் வாய்ப்பும் உண்டு. ஆகவே மனுவில், ‘மாற்று வண்டி, அது முடியாவிட்டால் முழுத் தொகை’ என்றோ, இதையே திருப்பிப் போட்டோ, இரண்டையும் எழுதுவது புத்திசாலித்தனம்.

பணம் என்றால் எந்தப் பணம்? பலரும் கோட்டை விடுவது இங்கேதான். தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையான காருக்கு 2023 நவம்பரிலிருந்து வாழ்நாள் வரி 18 சதவீதம். 12 லட்சம் ரூபாய் கார் என்றால் வரி மட்டும் 2,16,000 ரூபாய். பதிவுக் கட்டணம், காப்பீடு, கூடுதலாகப் போட்ட பொருள்கள், கடன் வட்டி எல்லாம் தனி. ‘விலையைத் திருப்பித் தருக’ என்று மட்டும் கேட்டால், ஷோரூம் விலையோடு கணக்கு நின்றுவிடலாம். ஒவ்வொரு செலவையும் ரசீதோடு தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஃபியட் இந்தியா வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம், சுயேச்சையான நிபுணர் உற்பத்திக் குறைபாட்டை உறுதிசெய்தால் விலையோடு வாழ்நாள் வரியையும் 12 சதவீத வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்றது. வக்கீலிடம் இந்தத் தீர்ப்பைக் கேட்டு எடுத்து வையுங்கள்.

மாற்று வண்டி கேட்பவர்களும் புதுப் பதிவின் செலவு யாருடையது, வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். வழக்கு நடக்கிறதே என்று தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வண்டியின் குறைக்கு வங்கி பொறுப்பில்லை.

இரண்டில் எதைக் கேட்டாலும் உற்பத்திக் குறைபாட்டை நிரூபித்தாக வேண்டும். மாருதி வழக்கொன்றில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டி என்பது குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதற்கே, முழு காரை மாற்றித் தருவதற்கு அல்ல என்று சொல்லி மாற்று வண்டி உத்தரவை நீக்கியது. எனவே ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் குறையை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தால், இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதே என்று எதிர்த்தரப்பு அதையே வாதமாக வைக்கும். நிபுணர் பரிசோதனைக்கு ஆணையத்திடமே மனு போடலாம்.

விற்ற டீலரையும் தயாரித்த நிறுவனத்தையும் சேர்த்தே எதிர்த்தரப்பாக்க வேண்டும். விலை 50 லட்சம் வரை என்றால் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வழக்குத் தொடுக்கக் கெடு, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. அடுத்த சர்வீஸில் சரியாகிவிடும் என்று சொல்லிச் சொல்லியே அந்த 2 ஆண்டையும் ஓட்டிவிடுவார்கள்; இரண்டாவது முறையும் அதே கோளாறு திரும்பினால், அந்த வாரமே எழுத்துப்பூர்வமான நோட்டீஸை அனுப்பிவிடுங்கள்.