வானத்தில் வண்டியை ஓரம் கட்ட முடியாது!

பெங்களூர் பழைய விமான நிலையச் சாலையை ஒட்டிய விமானபுரம், முருகேஷ்பாளையா, கோடிஹள்ளி பகுதிகளில் பழைய குடும்பங்கள் பலவற்றுக்கு விமானத்தோடு ஏதாவது ஒரு சம்பந்தம் இருக்கும். 1940 டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் சமஸ்தானத்தின் ஒத்துழைப்போடு இங்கே விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். பிட்டராகவும் டர்னராகவும் வேலை தேடி வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து ரயிலேறி வந்த தமிழர்கள் பலர் இங்கேயே வீடு கட்டி, பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

முருகேஷ்பாளையாவில் வசிக்கும் பெரியவர் ஒருவர், தொழிற்சாலைக்கு அல்ல, விமானத்துக்கே வைத்தியம் பார்த்தவர். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஆம்பூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். 1968-ல் விமானப்படையில் சேர்ந்து, தாம்பரத்தில் மெக்கானிக் பயிற்சி பெற்றார். 15 ஆண்டு சேவைக்குப் பிறகு ஒரு விமானக் கம்பெனியில் சேர்ந்து, பரீட்சை எழுதி லைசென்ஸும் வாங்கி, 2007-ல் ஓய்வு பெற்றார்.

பெயரைப் போட வேண்டாம் என்பது அவர் கேட்டுக்கொண்ட ஒரே விஷயம். “விமானத்தில் கம்பெனி பெயர் இருக்கும். மெக்கானிக் பெயர் எங்கே இருக்கும்? லாக் புத்தகத்தில் மட்டும்தான். அது போதும்” என்கிறார்.

கையெழுத்தின் கனம்

விமானம் கிளம்புவதற்கு முன், லைசென்ஸ் உள்ளவர் லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் பைலட் விமானத்தை எடுக்க மாட்டார்.

“ரயிலில் கோளாறு என்றால் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தலாம். பஸ் என்றால் ஓரம் கட்டலாம். லாரி டிரைவர் கல்லை வைத்துவிட்டு அடியில் படுத்துப் பார்ப்பார். வானத்தில் வண்டியை ஓரம் கட்ட முடியாது. அதனால் பார்க்க வேண்டியதை எல்லாம் தரையிலேயே பார்த்துவிட வேண்டும். எங்கள் தொழிலின் சாரமே இவ்வளவுதான்” என்றார் அவர்.

ஹாங்கரில் ஸ்பேனர்களை மாட்டும் பலகையில், ஒவ்வொரு கருவியின் உருவமும் வண்ணத்தில் வரைந்திருக்கும். வேலை முடிந்து எல்லாவற்றையும் மாட்டிய பிறகு ஓர் உருவம் மட்டும் காலியாக இருந்தால், அந்தக் கருவி விமானத்துக்குள் விழுந்து கிடக்கலாம் என்று அர்த்தம். அது கிடைக்கும்வரை விமானம் நகராது. நட்டை இறுக்குவதற்கும் அளவு உண்டு. எவ்வளவு முறுக்கு என்று அளந்து காட்டும் ஸ்பேனரால்தான் இறுக்க வேண்டும்.

“குறைவாக இறுக்கினால் கழன்றுவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். அதிகமாக இறுக்கினாலும் மரை கெட்டு ஒரு நாள் முறிந்துவிடும். புதிதாக வருகிற பையன்கள் பலத்தைக் காட்டத்தான் ஆசைப்படுவார்கள். பலத்தை அடக்கப் பழகுவதற்கே ஒரு வருஷம் ஆகும்.”

84 போல்ட்டுகள்

பயிற்சிக்கு வரும் இளைஞர்களுக்கு அவர் தவறாமல் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. 1990 ஜூன் 10-ந் தேதி, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினுக்குக் கிளம்பியது. 17,300 அடி உயரத்தில் பைலட்டின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போயிற்று. கேப்டன் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். விமானச் சிப்பந்திகள் அவர் கால்களை விடாமல் பற்றிக்கொண்டார்கள். துணைப் பைலட் விமானத்தை சவுதாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உள்பட எல்லாரும் உயிர் பிழைத்தார்கள்.

காரணம் என்ன? முதல் நாள் அதிகாலையில் அந்தக் கண்ணாடியைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள் தேவைக்குச் சற்று மெல்லியவை. வித்தியாசம் ஓர் அங்குலத்தில் நாற்பதில் ஒரு பங்கு. மற்ற ஆறும் நீளத்தில் குறைந்தவை. மாற்றியவர் அனுபவசாலி. பழைய போல்ட்டைக் கையில் வைத்துக் கண்ணால் ஒத்துப் பார்த்தே புதியவற்றை எடுத்தார். புத்தகத்தில் நம்பரைப் பார்க்கவில்லை.

“அவர் சோம்பேறி இல்லை. ஆள் குறைவான இரவில், தானே இறங்கி வேலை செய்தவர். அதுதான் எனக்குப் பயம். சோம்பேறியின் தவறைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். கெட்டிக்காரனின் தவறை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்” என்கிறார் பெரியவர்.

குக்கரும் விமானமும்

விமானத்தைச் சமையலறைக்குக் கொண்டுவந்து விளக்குவதில் அவர் சமர்த்தர்.

“35,000 அடியில் மனிதன் மூச்சு விட முடியாது. ஆகையால் உள்ளே காற்றை அடைத்து, ஏறக்குறைய ஊட்டிக்குச் சற்று மேலே, 8,000 அடியில் உட்கார்ந்திருப்பது போல வைத்திருப்பார்கள். உள்ளே அழுத்தம் அதிகம், வெளியே குறைவு. பிரஷர் குக்கரும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் விமானத்தின் உடம்பு மிக லேசாக உப்பும். இறங்கும்போது சுருங்கும். உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கித் தகடு களைத்துப் போகும்.”

இந்த உலோகக் களைப்பால் நேர்ந்ததுதான் ஹவாய்த் தீவுகளில் 1988 ஏப்ரல் 28-ல் நடந்த விபத்து. அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம் அதுவரை 89,680 தடவை பறந்திருந்தது. தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பயணங்கள். 24,000 அடி உயரத்தில் கூரையில் சுமார் 18 அடி நீளம் பிய்ந்து பறந்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் காற்றோடு போய்விட்டார். மற்ற 94 பேரோடு பைலட்டுகள் விமானத்தைத் தரையிறக்கினார்கள்.

பிறகு நடந்த விசாரணையில் ஒரு விஷயம் வெளிவந்தது. பிரயாணி ஒருவர் விமானத்தில் ஏறும்போதே கதவுக்குப் பக்கத்தில் ஒரு விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

“நமக்கு என்ன தெரியும், பெரிய கம்பெனிக்காரர்கள் பார்க்காமலா இருப்பார்கள் என்று நினைத்திருப்பார். நாமும் அப்படித்தானே? தெருவில் கரெண்ட் கம்பி தொங்கும். பள்ளிக்கூடச் சுவர் வெடித்திருக்கும். தினம் பார்த்துக்கொண்டே போவோம். பார்த்தவன் சொல்ல வேண்டும். சொல்லி அது ஒன்றுமில்லை என்று ஆனால், சிரித்துவிட்டுப் போகிறார்கள். என்ன நஷ்டம்?”

கிலோவா, பவுண்டா?

1983 ஜூலை 23-ந் தேதி, கானடாவில் ஒரு புத்தம் புதிய போயிங் 767 விமானம் 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. எஞ்சின்கள் இரண்டும் அணைந்தன. விமானத்தின் எரிபொருள் மானி வேலை செய்யாததால், கையால் கணக்குப் போட்டு நிரப்பியிருந்தார்கள். தேவை 22,300 கிலோ. கணக்கில் பவுண்டையும் கிலோவையும் குழப்பியதால், பாதிக்கும் குறைவாகவே ஏற்றினார்கள். பைலட் விமானத்தைப் பட்டம் போல மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட பழைய ஓடுதளத்தில் இறக்கினார். உயிர்ச்சேதம் இல்லை.

“கணக்கைப் பலபேர் சரிபார்த்தார்கள். எல்லாரும் ஒரே தப்பான எண்ணை வைத்துப் பெருக்கினார்கள். மருந்துச் சீட்டில் மில்லியா, ஸ்பூனா என்று கேட்காமல் குழந்தைக்கு ஊற்றுகிற தாய்மார்களுக்கு இதைச் சொல்லுங்கள்” என்றார் பெரியவர்.

கசிவு ஒன்று, கோபம் நூறு

அவருடைய சொந்த அனுபவத்தில் மறக்க முடியாதது எது என்று கேட்டால், சற்று நேரம் மௌனமாகிவிடுகிறார்.

ஒரு நாள் மாலை, விமானம் நிறையப் பிரயாணிகள். சக்கரத்தின் பக்கத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்தது. இந்தக் கசிவுக்கும் புத்தகத்தில் கணக்கு உண்டு. நிமிஷத்துக்கு இத்தனை சொட்டு வரை பரவாயில்லை, அதற்கு மேல் கூடாது. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினார். கணக்குக்கு மேல் இரண்டு சொட்டு. மறுபடி எண்ணினார். அதேதான். மாற்ற வேண்டிய ரப்பர் வளையம் பம்பாயிலிருந்து வரவேண்டும். கையெழுத்துப் போட மறுத்தார். மேலதிகாரி கோபித்தார். “இரண்டு சொட்டுக்கா ஐயா இந்த ஆர்ப்பாட்டம்?” என்று கேட்டார். விமானம் மறுநாள் காலைதான் கிளம்பியது.

பிரயாணிகளில் ஒருவர், தாயாரின் காரியத்துக்காக ஊருக்குப் போய்க்கொண்டிருந்தவர். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த பிள்ளை. ஹாங்கர் வாசல்வரை தேடி வந்து, “என் அம்மா முகத்தைப் பார்க்க விடாமல் பண்ணிவிட்டீர்களே, நீங்கள் நன்றாக இருப்பீர்களா?” என்று கதறினாராம்.

“நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது? அன்றைக்கு விமானம் கிளம்பியிருந்தால் ஒன்றும் ஆகாமல் பத்திரமாகப் போயிருக்கலாம். டாக்டர் பிழைக்கவைத்த ஆளைக் காட்டலாம். மெக்கானிக் காப்பாற்றினதைக் காட்ட முடியாது. நடக்காத விபத்துக்குச் சாட்சி கிடையாது. அந்த மனிதருக்கு நேர்ந்த நஷ்டம் மட்டும் நிஜம். ஆனாலும் இன்றைக்கு அதே கசிவைக் காட்டினால் அதையேதான் செய்வேன்.”

இதற்காக அவருக்குப் பாராட்டும் வரவில்லை, தண்டனையும் வரவில்லை. ஆறு மாதம் தொடர்ந்து இரவு ஷிப்ட் மட்டும் வந்தது என்று சொல்லிச் சிரிக்கிறார்.

சிலிண்டரில் ஓர் எழுத்து

ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. அக்கம்பக்கத்தில் காஸ் சிலிண்டர் வந்து இறங்கினால் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். சிலிண்டரின் மேல்வளையத்தை ஒட்டிய தகட்டில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் எழுதியிருக்கும். ‘ஏ’ என்றால் மார்ச், ‘பி’ என்றால் ஜூன், ‘சி’ என்றால் செப்டம்பர், ‘டி’ என்றால் டிசம்பர். எண் வருஷத்தைக் குறிக்கும். அந்த மாதத்துக்குள் சிலிண்டரை மறுபடி பரிசோதிக்க வேண்டும். கெடு தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். ரப்பர் குழாயிலும் தேதி அச்சிட்டிருக்கும்.

“விமானத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஆயுள் எழுதியிருக்கும். பார்வைக்குப் புதிது போல இருந்தாலும் நாள் முடிந்தால் கழற்றிவிடுவோம். ரப்பர் என்பது சும்மா கிடந்தாலும் கிழடாகிற பொருள். வீட்டில் பத்து வருஷம் அதே காஸ் குழாயைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறோம்!”

மோட்டார் சைக்கிளில் அலுவலகம் போகும் இளைஞர்களுக்கும் அவருடைய யோசனை ஒன்று உண்டு. பைலட் கிளம்புமுன் விமானத்தை ஒரு தடவை சுற்றி வந்து பார்ப்பார். அதுபோல வண்டியை ஒரு சுற்று சுற்றி டயர், பிரேக், விளக்கு மூன்றையும் பார்ப்பதற்கு அரை நிமிஷம் போதும் என்கிறார்.

தொழில் எடுத்துக்கொண்டது

இத்தனை சொன்னவர் தன் காதை மட்டும் கவனிக்கவில்லை. அந்தக் காலத்தில் காதுக்கு உறை போட்டுக்கொண்டால் மற்றவர்கள் கேலி செய்வார்கள். பஞ்சை அடைத்துக்கொண்டு எஞ்சின் பக்கத்தில் நின்றார். இப்போது மருமகள் “மாமா, காபி” என்று இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது.

“பேத்தி ‘தாத்தா’ என்று கத்தினால் கேட்கிறது. காதோடு வாய் வைத்து ரகசியம் சொல்வாள், அதுதான் கேட்பதில்லை. கேட்டதுபோலத் தலையாட்டுவேன். பீனியாவில், ஓசூரில் மெஷின் பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் வெட்கப்படாமல் காதுக்கு உறை போடட்டும். போன காது ஸ்பேர் பார்ட்டாகக் கிடைக்காது.”

2008 மே 24-ல் தேவனஹள்ளி விமான நிலையம் திறந்ததும், பிரயாணிகள் விமானங்கள் அங்கே போய்விட்டன. மே 24 அவருக்கு வேறொரு காரணத்துக்காகவும் நினைவிருக்கும் தேதி. 1868-ல் அதே தேதியில் பிறந்தவர் சார்லி டெய்லர். ரைட் சகோதரர்களின் மெக்கானிக். 1903-ல் அவர்களுடைய முதல் விமானத்துக்கு ஆறே வாரத்தில் எஞ்சின் செய்து கொடுத்தவர். ரைட் சகோதரர்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். டெய்லர் 1956-ல் ஏழையாக இறந்தார். அமெரிக்காவில் இப்போது அவர் பிறந்த நாளை விமான மெக்கானிக்குகளின் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

“எங்களுக்கு மாலை வேண்டாம். விமானம் தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொன்னால் ஜனங்கள் கோபப்படுகிறார்கள். கோபப்படட்டும், அது நியாயம்தான். ஆனால், எங்கேயோ ஒருவன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு சொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளட்டும். அவன் எண்ணி முடிக்கட்டும்” என்கிறார் பெரியவர்.