வாய்ப்புண்ணும் பதினைந்து நாள் தவணையும்

கைத்தறியில் அமர்ந்த நெசவாளருக்குக் கைகள் இரண்டும் கால்கள் இரண்டும் ஒருங்கே வேலை செய்கின்றன. வாய் ஒன்றுதான் ஓய்ந்திருக்கிறது. பீடி பற்றவைத்தாலோ பொறி பறந்து பாவில் விழுமென்ற அச்சம். ஆகவே வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் கன்னத்தில் ஒடுங்கிவிடுகின்றன. கழனியில் ஈரக்கையோடு நடவு நடும் பெண்டிர்க்கும், தார் சுற்றும் மூதாட்டியர்க்கும் அதே துணைதான். சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் நாம், இப்பழக்கத்தைச் சோம்பலென்றோ ஒழுக்கக்கேடென்றோ கொள்வதில்லை. அது தொழிலோடு ஒட்டி வந்தது. பசியையும் அலுப்பையும் மறைக்கிறது. அது வேறெதை மறைக்கிறது என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் அன்றாடத் துப்புரவு. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பது நம் பாட்டன்மார் வழக்கு. அதில் வரும் வேல் என்பது வேம்பு என்று பலர் எண்ணுகின்றனர், அது வேலமரமே. ஆலம் விழுதிலும் வேலங்குச்சியிலும் துவர்ப்பு உண்டு. வேம்பில் கசப்பு உண்டு. எந்தக் குச்சியாயினும் நுனியை நன்கு மென்று நாராக்கி, ஈறு கிழியாதபடி மெல்லத் தேய்த்தால் பயன் தரும். ஆனால் குச்சி பற்களின் உட்புறத்திற்கும் கடைவாய்க்கும் எளிதில் எட்டாது. மென்மையான பிரஷும் புளோரைடு கலந்த பற்பசையும் அங்கெல்லாம் செல்லும். பல் சொத்தையாவதையும் தடுக்கும். காலையில் மட்டும் துலக்குவது போதாது. இரவு உணவுக்குப்பின் வாயில் தங்கும் மாவும் இனிப்பும் விடியும்வரை பல்லை அரிக்கின்றன. ஆகையால் இரவுத் துலக்கலைத் தவிர்க்கவே கூடாது.

செங்கற்பொடி, கரி, சாம்பல் ஆகியவை பல்லை வெளுப்பாக்குவதாகத் தோன்றுவது மெய்யே; மேற்பூச்சையும் உடன் தேய்த்துவிடுகின்றன. போன பூச்சு மீண்டும் வளர்வதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து அங்கத்தினர்கள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கோடுகள் உள்ளன. அவை அழுக்கு அல்ல. இளமையில் குடித்த கிணற்று நீரில் மிகுந்திருந்த புளோரைடு பல்லுக்குள்ளேயே இட்ட கறை அது, எப்பொடியாலும் போகாது. அறுந்த இழையைப் பல்லால் கடித்துத் துண்டிக்கும் வழக்கமும் முன்பற்களில் பள்ளம் விழச் செய்கிறது. தறியருகே சிறு கத்தரி ஒன்று வைத்துக்கொள்வது பெருஞ்செலவன்று.

ஈற்றில் இரத்தம் கசியத் தொடங்கியதும் துலக்குவதையே நிறுத்திவிடுவோர் உளர். இது நேர்மாறான செயல். பல்லும் ஈறும் சேருமிடத்தில் படிந்த அழுக்கே பெரும்பாலும் கசிவுக்குக் காரணம். மெல்லத் துலக்கி, அரைத் தேக்கரண்டி உப்பை ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கொப்பளித்துவந்தால் வீக்கம் தணியும். சில நாட்களில் நில்லாவிடில் மருத்துவரைக் காண்க. நீரிழிவு உடையோர் காலம் தாழ்த்தலாகாது.

பல்வலிக்குக் கிராம்பு கைகண்ட மருந்து. கிராம்பெண்ணெயில் உள்ள யூஜினால் என்னும் பொருள் அவ்விடத்தை மரத்துப்போகச் செய்கிறது. பல் வைத்தியர்களும் அதைக் கையாள்கின்றனர். பஞ்சில் ஒரு துளி நனைத்துப் பல்லின் குழியில் மட்டும் வைத்தல் வேண்டும். ஈற்றில் பட்டால் சுடும். குழந்தைகளுக்கு இதை வைத்தல் கூடாது. வலி நின்றதே தவிரச் சொத்தை நிற்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. நல்லெண்ணெய் கொப்பளிப்பதில் தீங்கில்லை. ஆனால் அது துலக்குதலுக்கு ஈடாகாது. வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப் பாலும் நம் வீடுகளில் கொடுப்பர். எரிச்சலுக்கு இதமாகவும் இருக்கும், உணவாகவும் ஆகும். சிறு புண்கள் பல, மருந்தே இல்லாமலும் ஏழு முதல் பதினான்கு நாட்களில் ஆறிவிடும். அடிக்கடி வந்துகொண்டே இருந்தால் இரும்புச் சத்தோ பி வைட்டமினோ குறைந்திருக்கலாம்.

இவ்வளவும் நல்ல கைவைத்தியம். பல்வலிக்குப் புகையிலையை அதக்கிவைப்பது மட்டும் வைத்தியமன்று. வலி சற்றே மரக்கும்; பழக்கமோ பற்றிக்கொள்ளும். பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை கலப்பதை மத்திய அரசு 1992லேயே தடை செய்தது.

வலிக்கும் புண்ணுக்கு நாமனைவரும் அஞ்சுகிறோம், மருந்து தேடுகிறோம். வாய்ப்புற்றோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. புகையிலை தங்கும் கன்னத்தில் ஒரு வெண்திட்டு, அல்லது வெல்வெட்டுத் துணிபோல் ஒரு செந்திட்டு, நாக்கின் ஓரத்தில் ஒரு சிறு தடிப்பு, இவ்வளவே. காரம் பட்டால் எரிகிறது, வாய் முன்போல் திறக்கவில்லை என்பாரும் உண்டு. ஒரு சங்கத்தில் நெசவாளர் ஒருவர் நம்மிடம், "புகையிலையை விட்டு ஆறு வருஷமாகிறது ஐயா, இப்போது வெறும் பாக்குத்தான்" என்று பெருமையோடு கூறினார். விட்டது நன்றே. ஆனால் புகையிலை சேராத பாக்கும் புற்றுக்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் தெளிவாக அறிவித்துவிட்டது. கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி வாய் குறுகுவதும் பாக்கினால் வருவதே. நடுவிரல்கள் மூன்றை நெடுக்காக அடுக்கி வாயில் வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழையாவிடில் பாக்கை அன்றே நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும்.

கடனுக்குத் தவணை வைப்பதுபோல் வாய்ப்புண்ணுக்கும் ஒரு தவணை வைத்துக்கொள்வோம். பதினைந்து நாள். அதற்குள் ஆறாத புண், மறையாத திட்டு எதுவாயினும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், அதன்பின் கைவைத்தியம் கூடாது. இத்தவணைக்கு நீட்டிப்பு இல்லை.

இதை நெசவாளர்கள் அறியாமல் தள்ளிப்போடுவதில்லை. ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று. பாவு பாதியில் நிற்கும். சேலை ஒப்படைக்கும் நாள் தள்ளும். இக்கணக்கை நாமும் அறிவோம். ஆனால் மறுபக்கத்துக் கணக்கு மிகப் பெரிது. தொடக்கத்தில் கண்டால் சிறு அறுவையோடு முடியக்கூடியது, கழுத்துக்குப் பரவியபின் தாடையையே எடுக்கும் நிலைக்கு வரலாம், உயிருக்கும் உறுதியில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுதோறும் சென்று மக்களின் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தனர். 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளோரிடையே வாய்ப்புற்றால் நேர்ந்த இறப்பு, அவ்வாறு சோதிக்கப்படாத பகுதிகளைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கருவியென்று பெரிதாக ஒன்றும் தேவைப்படவில்லை. வெளிச்சமும் பார்க்கத் தெரிந்த கண்ணுமே போதுமாயின.

அதை ஓரளவு வீட்டிலும் செய்யலாம். மாதம் ஒருமுறை, கூலி பட்டுவாடா நாளை நினைவாக வைத்துக்கொண்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நிற்கவும். இரு கன்னங்களின் உட்புறம், உதடுகளின் உட்புறம், நாக்கின் இரு ஓரங்கள், நாக்கின் அடி ஆகியவற்றை விரலால் விலக்கிப் பார்க்கவும். வெற்றிலை அதக்கும் பக்கத்தை இருமுறை பார்க்கவும். கண் மங்கிய முதியோருக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம்.

ஐயம் தோன்றினால் முதலில் அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவுக்குச் செல்லலாம். மேற்கொண்டு தேவைப்பட்டால் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசினரின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை உள்ளது; டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். புறப்படும்போது குடும்ப அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் மறவாமல் கையில் எடுத்துச் செல்லவும்.