லோன் கொடுக்கிறவருக்கு எதுக்கு பாஸ் க்ளைமேட் ஃபெலோஷிப்?

லிங்க்ட்இனைத் திறந்தாலே யாராவது ஒருவர், 'க்ளைமேட் லீடர்ஷிப் ஃபெலோஷிப் முடிச்சாச்சு' என்று சர்டிஃபிகேட்டோடு நிற்கிறார். சரி, விஞ்ஞானியாக இருப்பார் என்று புரொஃபைலைப் பார்த்தால், டெவலப்மென்ட் பேங்க்கில் கடன் ஃபைல் பார்க்கிறவர்! 'இவருக்கு எதுக்கு இது?' என்று உங்களுக்குத் தோன்றினால், அது நியாயமான கேள்விதான்.

டெவலப்மென்ட் ஃபைனான்ஸ் என்பது பைக் லோன் கொடுக்கிற வேலை இல்லை. பாசனம், துறைமுகம், கிராமச் சாலை என லாபம் மெதுவாக வரும் விஷயங்களுக்கு 15, 20 வருடக் கணக்கில் பணம் தருவது. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, நம்ம நபார்டு எல்லாம் இந்த ரகம். சிக்கலே அந்த 20 வருடத்தில்தான் இருக்கிறது. பழைய மழைக்கணக்கை நம்பிக் கட்டிய பாலத்தை வெள்ளம் கொண்டுபோகலாம். தவணையை எந்த வெள்ளமும் கொண்டுபோகாது.

கரீபியன் கடலில் இருக்கும் கிரெனடா என்ற குட்டித் தீவு நாட்டையே எடுத்துக்கோங்க. 2004-ல் ஐவன் புயல் அந்த நாட்டைப் புரட்டிப்போட்டது. கடனைக் கட்ட முடியாமல் திணறி, 2015-ல் கடன் பத்திரங்களைத் திருத்தி எழுதியபோது, ஒரு விதியைச் சேர்த்தார்கள்: பெரிய புயல் அடித்தால் தவணையைத் தள்ளிவைக்கலாம். 2024 ஜூலையில் பெரில் புயல் கரியாகூ தீவைச் சின்னாபின்னமாக்கியது. அரசு அந்த விதியைக் கையில் எடுத்தது. கடன் தள்ளுபடி ஆகவில்லை, பிறகு கட்டத்தான் வேண்டும். ஆனால், வீட்டுக்கூரை பறந்துபோன நேரத்தில் கையில் காசு இருந்தது. இப்படி ஒரு விதியை எழுத, புயலும் தெரியணும், பத்திரமும் தெரியணும். ஃபெலோஷிப் சேர்த்துவைக்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

இன்னொரு விஷயம். சோலார் பண்ணை மின்சாரம் விற்கும், கடன் திரும்பி வரும். அதனால் அதற்குப் பணம் போட ஆள் இருக்கிறது. அலையாத்திக் காடு ஒரு ஊரையே காப்பாற்றும். ஆனால், அதற்கு யார் பில் கட்டுவது? பாதிப்பைச் சமாளிக்கும் 'அடாப்டேஷன்' வேலைகளுக்குப் பணம் வராமல் இழுப்பது இதனால்தான். 2024-ல் பாகூ மாநாட்டில், 2035-க்குள் வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 300 பில்லியன் டாலர் என்று பேசி முடித்தார்கள். அது போதாது என்று இந்தியா அங்கேயே எதிர்த்தது தனிக்கதை. வருகிற பணமும் தானாக ஊருக்குள் வந்துவிடாது, யாராவது உருப்படியாகத் திட்டம் எழுதணும். தமிழ்நாடு, ராஜஸ்தான் நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்காக நபார்டு அப்படி எழுதித்தான் சர்வதேச 'அடாப்டேஷன் ஃபண்ட்'டில் நிதி வாங்கியது.

பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறவர்களும் இதைக் கவனிக்கலாம். நபார்டு கிரேடு ஏ பாடத்திட்டத்திலேயே காலநிலை மாற்றம் இருக்கிறது.

எல்லா ஃபெலோஷிப்பும் ஒன்றில்லை. சிலதில் குரூப் போட்டோவைத் தாண்டி எதுவும் தேறாது என்பது என் கருத்து. அதனால் அப்ளை பண்ணும் முன் கட்டணம் எவ்வளவு, ஆபீஸில் லீவு கிடைக்குமா என்று பாருங்க. அப்புறம், ஏற்கெனவே முடித்த ஒருவரைப் பிடித்து, 'உங்க புராஜெக்ட் இப்ப ஆபீஸ்ல எந்த ஃபைல்ல ஓடுது?' என்று கேளுங்க. ஃபைல் பேரோடு பதில் வந்தால், தைரியமா அப்ளை பண்ணலாம்.