விளையாட்டுச் செய்தி எழுதியவர், பேட்டி எடுக்க வந்த கதை



இறால் உரிக்கும்போதும் ஓலை பின்னும்போதும் பக்கத்தில் செல்போன் பாடிக்கொண்டிருப்பது நம் பழவேற்காட்டுப் பக்கம் புதுசு இல்லை. கை வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். அந்தக் காதை நம்பியே ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. பாட்காஸ்ட் என்று பெயர். தமிழில் வலையொலி என்கிறார்கள்.

ரேடியோவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ரேடியோவில் மதியம் ஒரு மணிக்குப் பேசினால் அப்பவே கேட்கணும், விட்டால் போச்சு. இது பேச்சைப் பதிவு செய்து இணையத்தில் போட்டு வைப்பது. பாதியில் நிறுத்திவிட்டு மீன் விற்கப் போய் வந்து மிச்சத்தைக் கேட்கலாம். 2016-ல் ஜியோ வந்து நெட் விலை இறங்கிய பிறகு நம்ம நாட்டில் இது வேகமாகப் பரவியது.

இந்தத் தொழிலில் பெயர் வாங்கியவர்களில் ஒருவர் அமித் வர்மா. முதலில் விளம்பரக் கம்பெனி, டி.வி. சேனல் என்று வேலை பார்த்தவர். 2000-களில் கிரிக்இன்ஃபோ என்ற கிரிக்கெட் செய்தி இணையதளத்தில் எழுதி, அதன் இந்தியப் பிரிவுக்கு நிர்வாக ஆசிரியராகவும் இருந்தார். 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது நம் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கே வந்தார். பாதிக்கப்பட்ட ஊர்களில் சுற்றி, பார்த்ததை இணையத்தில் எழுதினார். கிரிக்கெட்டைத் தாண்டி அவரை அப்போதுதான் பலர் படிக்கத் தொடங்கினார்கள். பிறகு பத்திரிகையில் பொருளாதாரக் கட்டுரைகள், 2009-ல் ஒரு நாவல். கட்டுரைகளுக்காக 2007-லும் 2015-லும் பாஸ்டியா பரிசு கிடைத்தது. நடுவில் சில வருடம் சீட்டாட்டத்தையே தொழிலாக வைத்திருந்தார். (நம்ம ஏலச்சீட்டு இல்லை, காசு வைத்து ஆடும் போக்கர். அதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டோம்!)

2017 ஜனவரியில் அவர் ஆரம்பித்த பாட்காஸ்ட்டின் பெயருக்கு ‘கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்’ என்று பொருள். ஆங்கில நிகழ்ச்சி. பெயர் வந்த விதத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம், நமக்கு உபயோகமான விஷயம். பிரான்ஸ் நாட்டில் பாஸ்டியா என்ற பொருளாதார அறிஞர் 1850-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பையன் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டான். கண்ணாடிக்காரருக்கு வேலை கிடைத்ததே, நல்லதுதானே என்று ஊர் சொல்கிறது. பாஸ்டியா, கண்ணாடி உடையாமல் இருந்தால் அந்தக் காசில் வீட்டுக்காரர் செருப்பு வாங்கியிருப்பார், செருப்புக்காரரின் நஷ்டம் மட்டும் யார் கண்ணிலும் படவில்லையே என்றார்.

நம்ம ஊரில் படகு இன்ஜின் பழுதானால் இதே கதைதான். மெக்கானிக்குக் கூலி கிடைத்தது தெரியும். அந்தப் பணத்தில் வாங்க நினைத்த வலை வராமல் போனது கணக்கில் வராது. குழுக் கடன் கேட்கும்போதும் இப்படி ஒருமுறை யோசித்துப் பாருங்கள். இந்தப் பணம் எதற்குப் போகிறது என்பதோடு, எதற்குப் போகாமல் நிற்கிறது என்றும் கேட்கணும்.

ஆரம்பத்தில் இருபது நிமிடம் போல இருந்த நிகழ்ச்சி, இப்போது பல மணி நேரம் நீள்கிறது. அவ்வளவு நேரம் யார் கேட்பார்கள் என்று தோணும். கேட்கிறார்கள். காரணம், அவர் பெரிய அறிஞரைக்கூட “உங்க சின்ன வயசு எப்படி இருந்துச்சு?” என்று தொடங்கிப் பேச விடுகிறார். வந்தவர் எழுதியதை முன்கூட்டியே படித்துவிட்டு உட்காருகிறார். விளையாட்டுச் செய்தியாளருக்கும் அதே பழக்கம் வேணும். ஆட்டத்தை முழுசாகப் பார்க்கணும், எண்களைச் சரிபார்க்கணும், தோற்றவரிடமும் போய்க் கேட்கணும். வருமானம் பற்றியும் சொல்லிவிடணும். அவருக்கு நிகழ்ச்சி மட்டுமே பிழைப்பு இல்லை. 2020-லிருந்து கட்டணம் வாங்கி எழுத்துப் பயிற்சி வகுப்பும் நடத்துகிறார். பாட்காஸ்ட் தொடங்கினால் உடனே பணம் கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

“இதெல்லாம் படிச்ச ஆம்பளைங்களுக்கு” என்று ஒதுங்க வேண்டாம். விளையாட்டு வர்ணனை ஆண்கள் கையில் இருந்த காலத்திலேயே, 1976-77-ல், இந்தூரில் எம்.சி.சி. அணி ஆடிய ஆட்டத்துக்கு இந்தியில் வர்ணனை செய்தவர் சந்திரா நாயுடு. நம் நாட்டின் முதல் பெண் கிரிக்கெட் வர்ணனையாளர் அவர்தான். கல்லூரிப் பேராசிரியையாகவும் இருந்து 2021-ல் மறைந்தார். தெலங்கானாவில் மச்னூர் கிராமத்தில் 2008-ல் தொடங்கிய சங்கம் ரேடியோவை நடத்தியவர்கள் நம்மைப் போன்ற சங்கப் பெண்கள், அதிலும் தலித் பெண்கள். நம் மாநிலத்திலேயே பாம்பனில் 2016-ல் மீனவர்களுக்காக ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி தொடங்கியது.

மீன்பிடிப்பு என்றதும் படகும் வலையும் ஆண்களும்தான் பேச்சில் வரும். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் எடுக்கும் பெண்ணும், கூடை சுமந்து விற்பவளும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் நிற்கிறார்கள். முகத்துவாரம் தூர்ந்துபோகாமல் இருந்த காலத்தில் என்னென்ன மீன் வந்தது, பாடு முறையில் எந்த ஊருக்கு என்ன முறை என்பதெல்லாம் நம் பெரியம்மா, ஆயா வாயில்தான் இருக்கிறது. எழுதி வைத்தது கொஞ்சம்தான்.

பதிவு செய்ய ஸ்டூடியோ தேவையில்லை. செல்போனில் இருக்கும் ரெக்கார்டர் போதும். ஃபேனை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தி, போனைப் பேசுகிறவர் பக்கமாக வையுங்கள். கடற்கரையில் வேண்டாம், காற்றுச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும். முதலில் அவங்க சம்மதத்தைக் கேளுங்கள், வெளியே போடுவதானால் அதற்குத் தனியாகக் கேளுங்கள். “ஆமா”, “இல்லை” என்று முடிகிற கேள்வி வேண்டாம். “அப்புறம் என்ன ஆச்சு ஆயா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவங்க யோசிக்கும் நேரத்தில் நாம் குறுக்கே பேசக்கூடாது.